அண்ணன் கொடுத்த குக்கர்

என் அண்ணனின் மண்டையை உடைத்தது நான்தான். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். உடைத்தது ஐந்து லிட்டர் குக்கரால். நல்ல கனமான அடி உள்ள குக்கர், அவனே ஒரு பொங்கலுக்குச் சீராகக் கொண்டுவந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், சேலை என்று வருஷம் தவறாமல் கொண்டுவந்து இறக்குவான். அந்த வருஷம் குக்கரும் சேர்ந்து வந்தது. எங்கள் பக்கம் அண்ணனை "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு இந்தக் கதையில் அந்த மரியாதை வரவில்லை, வரவழைக்கவும் போவதில்லை.

கட்டுமாவடியிலிருந்து மீமிசல் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கடல் காற்று வரும், கடல் தெரியாது. என் வீட்டுக்காரர் சின்ன லாரி ஓட்டுகிறார். விடிவதற்குள் மீன் ஏற்றிக்கொண்டு போனால் மத்தியானம் திரும்புவார். நான் அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பள்ளிக்கூடமும் எங்கள் அங்கன்வாடியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. என் மகளுக்கு இரண்டு வயதுக் கணக்கு வந்ததற்கு அந்தச் சுற்றுச்சுவர்தான் காரணம்.

அவளுக்கு நான்கு வயது நிரம்பாத காலம். என் இடுப்பில் உட்கார்ந்து அங்கன்வாடிக்கு வருவாள். இறக்கிவிட்டதும் என்னை விட்டுவிட்டு எதிரே ஒன்றாம் வகுப்பில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்த வருஷம் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் குறைவு. தலை குறைந்தால் இருக்கிற டீச்சரில் ஒருவரை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்று ஊரே கலங்கிக்கொண்டிருந்தது. பெரிய டீச்சர் என்னிடம் வந்து கேட்டார். ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். "பேரைச் சேத்து விடு ஆத்தா, பள்ளிக்கூடம் பொழச்சுப் போகட்டும்" என்று சொன்னவர்களில் என் அண்ணனும் ஒருவன். பெயர் சேர்ந்தது. ஆவணியில் பிறந்தவள் ஜூன் மாதத்தில் பிறந்தவளானாள், அதுவும் முந்தைய வருஷத்து ஜூனில். எங்கள் ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடக் கணக்குப்படி ஜூனில் பிறந்தவர்கள்தான். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பள்ளிக்கூடம் பிழைத்தது, என் மகளுக்கு ஒரு வயதும் சொச்சமும் கூடியது. அதற்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையெல்லாம் அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டு வந்தன.

அவள் நன்றாகப் படித்தாள். ஒரு வகுப்பிலாவது தவறியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும்; தவறவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது காகிதத்தில் அவளுக்குப் பதினேழு நிரம்ப இருந்தது. உண்மையில் ஆவணி வந்தால்தான் பதினாறு. நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். அங்கன்வாடியில் தடுப்பூசி போடுகிற நாளில் நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளின் தொடையைப் பிடித்துக்கொள்வாள். பெற்றவளே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நேரத்தில் இவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். திருச்சியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. பதினேழு நிரம்பினால்தான் நர்சிங்கில் சேரலாம். காகிதம் அவளைச் சேர்த்துவிடும். ஆனால் காகிதமா போய் ஹாஸ்டலில் படுக்கப்போகிறது?

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் வேண்டாம் என்றது நான்தான். ஊசியைப் பார்த்துப் பயப்படாதவள் இருட்டைப் பார்த்துப் பயப்படுவாள். என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். முழங்கால் வரை முடி. அதைத் தானாகப் பின்னிக்கொள்ளத் தெரியாது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பெரிய பெண்கள். ரத்தம், பிணம், ராத்திரி டூட்டி எல்லாம் அவர்களோடு சேர்ந்து இவளும் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர், இவரும் அதையேதான் சொன்னார். "கொமரு ஆகியும் பிள்ளை மாதிரியே இருக்கு. ஒரு வருசம் போகட்டும்."

அவள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தாள். எறிந்தது என் மகள்தானா என்று ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. "ஒங்களுக்குத் தேவைன்னா பெரியவ, ஒங்களுக்குத் தேவைன்னா சின்னவ! பள்ளிக்கூடத்துக்கு ஆள் பத்தலைன்னா நாலு வயசுல ஒக்கார வப்பீங்க, நான் கேட்டா மட்டும் வயசு பத்தாதா?" என்று கத்தினாள். கை ஓங்கிக்கொண்டு போனேன். அவள் ஒதுங்கவில்லை, கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். இவர் குறுக்கே விழுந்து என் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் என் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியது. சுவரில் குழம்பு வழிந்து காய்ந்து கறையாகிவிட்டது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தும் இன்னும் தெரிகிறது.

அண்ணன் மறுநாளே வந்தான். கட்டுமாவடியில் ஐஸ் வியாபாரம் செய்கிறவன். பேச்சு எப்போதும் லோடு இறக்குகிற சத்தத்தில்தான் இருக்கும். அன்றைக்கு மெதுவாகப் பேசினான். "நீ சொல்றதுதான் சரி ஆத்தா. ஒரு வருசம் வீட்ல கெடக்கட்டும். என்ன அவசரம்?" என்றான். அண்ணன் என் பேச்சை ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்போதே எனக்குத் திக்கென்றது.

காபியைக் குடித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தான். அவன் மகன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறான். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவன். வந்ததும் பூ வைத்துவிடலாம், கல்யாணத்தை அடுத்த ஆனியில் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"அண்ணே, அவளுக்கு இன்னும் பதினாறே ஆகல."

"யாரு சொன்னா? அடுத்த ஜூனுல பதினெட்டு. காயிதத்துல இருக்குல்ல? எவன் வந்து என்ன கேட்டுருவான்?"

நான் எந்த ஒரு வருஷத்தைப் பிள்ளை வளரட்டும் என்று கேட்டேனோ, அதே வருஷத்தை அவன் பிள்ளையைக் கட்ட எடுத்துக்கொண்டுவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடு வீடாகப் போய், பதினெட்டு ஆகாமல் கட்டிக்கொடுக்காதீர்கள் என்று சொல்வது என் வேலையிலேயே ஒரு பாகம். சொல்லப் போன இடத்தில் என் மேல் விளக்குமாறு பறந்திருக்கிறது, ஒருத்தி சாணித் தண்ணீரை என் காலில் ஊற்றியிருக்கிறாள். ஆனால் இவன் சொல்கிற கல்யாணத்துக்கு எதிராக நான் யாரிடம் போய் நிற்பது? அடுத்த ஜூனில் வந்து பார்க்கிற எந்த அதிகாரிக்கும் காகிதம் பதினெட்டு என்றுதான் காட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. அதை எடுத்து நீட்டினால் கல்யாணம் நிற்கும், நர்சிங் சீட்டும் சேர்ந்து போகும். போன சீட்டு மறு வருஷம் காத்துக்கொண்டிருக்குமா? வீட்டில் இருக்கும் பெண்ணை இவன்தான் விட்டுவைப்பானா?

இவனை எனக்குத் தெரியும். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று கிளம்பிய காலையில் என் சைக்கிளின் இரண்டு டயரையும் அரிவாளால் கொத்தினான். கொத்திவிட்டு, "இப்ப போ" என்றான். டியூப் பிதுங்கித் தொங்கிய அந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோடு வரை போனேன். பின்னாலேயே வந்து அறைந்தான். அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷராக அமைந்தது அவன் செய்த புண்ணியம் அல்ல.

அன்று மத்தியானம் லாரியை நிறுத்திவிட்டு இவர் உள்ளே வருவதற்குள் சொல்லிவிட்டேன். "இந்த வருசமே சேக்குறோம். அழுதாலும் பரவால்ல, ஹாஸ்டல்ல அழுகட்டும்." இவர் லுங்கியை மாற்றிக்கொண்டு சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினார். கதவோரம் நின்ற மகள் சிரிக்கவில்லை. பயந்துதான் போயிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டால் அப்படித்தான் ஆகிறது.

காலேஜில் சேர்க்கப் போகிறோம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே தாம்பாளத்தோடு வந்து இறங்கிவிட்டான். அவன், மதினி, பங்காளி வீட்டு ஆட்கள் இரண்டு பேர். தேங்காய், பழம், வெற்றிலை, மல்லிகைப் பந்து, பட்டுச்சேலை. மகன் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. மாப்பிள்ளை இல்லாமலே பூ வைக்க வந்திருந்தார்கள். ஆள் வராவிட்டாலும் பூ ஏறிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான் எங்கள் பக்கம். அப்புறம் வேறு வீட்டில் கேட்க மாட்டார்கள், காலேஜுக்கு அனுப்பினாலும் "அந்த வீட்டுப் பெண்" என்றுதான் பேச்சு.

மகள் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அவளக் கூப்புடு" என்றான்.

"கூப்புட மாட்டேன். தட்டத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

"அவ சமைஞ்ச சடங்குக்கு ஓலை கட்டுனது யாரு? சீரு தூக்கிட்டு வந்தது யாரு? அவ என் வீட்டுக்குன்னு ஊருக்கே தெரியும்."

"ஓலை கட்டுனா ஆளு சொந்தமா?"

தாம்பாளத்தைக் காலால் எற்றினான். அவன் கொண்டுவந்த தாம்பாளம்தான். தேங்காய் உருண்டு கதவில் மோதியது. என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுக் கொல்லைக்குப் போனான். இவர் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார். ஐஸ் பாளம் தூக்கிப் பழகிய கை. ஒரே குத்தில் இவருடைய முன்பல் உடைந்து உதடு கிழிந்தது. பங்காளி ஆட்கள் இவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பாத்ரூம் கதவு பிளாஸ்டிக் கதவு. இரண்டு உதையில் உள்ளே விழுந்தது. அவளுடைய பின்னலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு வந்தான். ஈரச் சிமெண்டில் அவள் முழங்கால் உரசி வந்த தடம் சிவப்பாக இருந்தது. அவள் அழவில்லை. அவன் புறங்கையைக் கவ்விக் கடித்தாள். வலியில் அவளை அறைந்தான். மதினி மல்லிகைப் பந்தை வைத்துக்கொண்டு, "தலைய நல்லாப் புடிங்க" என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

அடுப்படியில், பருப்பு வேகவைத்துக் கழுவிய குக்கரைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதன் கைப்பிடி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பார்த்து, தேர்ந்துதான் எடுத்தேன். பக்கத்தில் அரிவாள்மனையும் இருந்தது. அதை எடுத்தால் பிள்ளை மேல் பட்டுவிடும் என்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்தது. பின்னாலிருந்து ஓங்கிப் போட்டேன். முதல் அடியில் அவன் திரும்பிப் பார்த்தான். அடித்தது நான் என்று அவனால் நம்ப முடியவில்லை. நம்பட்டும் என்று இன்னொன்று போட்டேன். பின்னலை விட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தான். காது வழியாக ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. மதினி ஊர் கேட்க அலறினாள். எனக்குக் கை நடுங்கவில்லை. சைக்கிள் ஞாபகம்தான் வந்தது.

தலைக்காயம் என்றதும் ஆஸ்பத்திரியிலிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விட்டது. தையல் போடுகிற இடத்திலேயே அவன் கத்த ஆரம்பித்தான். "நாளைக்கே அந்தக் காலேஜுக்குப் போறேன். இவளுக்குப் பதினாறு கூட ஆகல, பொய் வயசுன்னு சொல்றேன். சீட்டை எப்புடி வச்சுக்குறீங்கன்னு பாக்குறேன்." அவன் சொன்னால் எடுபடும். அவள் பிறந்த தேதிக்கு அவனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எனக்கு வலி எடுத்தபோது இவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அண்ணன்தான் ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு அந்த வண்டியிலேயே என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனான். பிள்ளையை முதலில் கையில் வாங்கியதும் அவன்தான்.

மகளிர் ஸ்டேஷனில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். இவர் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மகள் முழங்காலில் கட்டோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார்.

பதினைந்து என்று நான் சொன்னால் அண்ணன் உள்ளே போவான், மகளின் சீட்டும் அவனோடு போகும். பதினேழு என்றால் அவள் காலேஜுக்குப் போவாள். அண்ணன் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் அந்தக் கணக்கை உடைக்கலாம். நான் இவரைப் பார்த்தேன், இவர் மகளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்கதான தாய்மாமன்? நீங்க சொல்லுங்க."

அவன் முகத்தில் கணக்கு ஓடியதை நான் பார்த்தேன். பதினைந்து என்று சொன்னால் எங்களை ஒழித்துவிடலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்திழுத்துப் பூ வைக்கப் போனவன் அவன் என்பதும் அதோடு எழுதப்படும். பிள்ளையைப் பார்த்தான். அவள் கன்னத்தில் அவன் விரல் பதிந்திருந்தது. குனிந்துகொண்டான்.

"பதினேழுங்க" என்றான்.

"அப்பக்கூடப் பதினெட்டு ஆகல. பூ வைக்கப் போனீங்களாமே?"

"இல்லங்க. பாஸானதுக்குப் பலகாரம் கொண்டு போனோங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்திருந்தால் என்னையும் உள்ளே வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இனி அந்தப் பெண் பக்கம் போகக் கூடாது என்று அவனையும், கையில் கிடைத்ததை எடுத்து வீசக் கூடாது என்று என்னையும் எச்சரித்து அனுப்பினார்கள். வாசலில் வைத்து அவன் என் காலடியில் துப்பினான். "ஒனக்கும் எனக்கும் இதோட அந்து போச்சு. நீ செத்தாலும் வர மாட்டேன்." நான் விடவில்லை. "செத்தா சொல்லி விடுறேன். வந்துராத" என்றேன்.

மறுநாள் காலையில் மகள் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல், மடியில் பின்னல். கழுத்தோடு வெட்டியிருந்தாள். அந்த முடிக்கு நான் எண்ணெய் தேய்த்த வருஷங்கள் எத்தனை! "ஏண்டி இப்புடிப் பண்ணுன?" என்று கேட்டேன். "இனி யாரும் புடிச்சு இழுக்க முடியாதும்மா. எனக்குப் பின்னத் தெரியாதுன்னுதான கவலப்பட்ட, அதுவும் முடிஞ்சு போச்சு" என்றாள். அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா என்கிற சந்தேகம் எனக்கு அத்தோடு விட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். பிறகு கோணலாக இருந்த முடியை நான் சரியாக வெட்டிவிட்டேன்.

மீன் வாசம் போகக் கழுவிய லாரியிலேயே இவர் அவளைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். ஹாஸ்டலில் அவள் அறைக்காரிகள் இரண்டு பேரும் அவளைவிட ஒரு சாண் உயரம். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பிப் பார்த்திருந்தால் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

ஆவணி வந்தது. அவள் உண்மையில் பிறந்த நாள். வருஷா வருஷம் அன்றைக்கு அண்ணன் அறந்தாங்கியிலிருந்து ஜாங்கிரி வாங்கிவருவான். அவளுக்கு ஜாங்கிரி என்றால் உயிர். அந்தக் காகிதத்து ஜூனை அவன் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. சாயங்காலம் வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமல் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கேட்டில் ஒரு பையை மாட்டினான், கொஞ்ச நேரம் நின்றான், போய்விட்டான். பைக் சத்தம் மறைந்ததும் நான் போய்ப் பையைப் பிரித்தேன். ஜாங்கிரி, அவள் சாப்பிடுகிற கடையில் வாங்கியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, டப்பாவோடு ரோட்டில் ஓங்கி அடித்தேன். நாய்கள் ஓடிவந்தன.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள். பாத்ரூமுக்குள் நின்று மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, இன்னைக்கு எனக்குப் பதினாறு. இங்கிட்டு யாருக்கும் தெரியாது."

"சந்தோசமா இரு சாமி. சாப்ட்டியா?"

"ம். நேத்து ஊசி போடக் கத்துக்குடுத்தாங்க. தலகாணியில போட்டேன். எனக்குக் கை ஆடலன்னு மேடம் சொன்னாங்க." குரலை இன்னும் தணித்தாள். "மாமா வந்துச்சாம்மா?"

முழங்காலில் அவளுக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இருந்தும் கேட்டாள்.

"வரல" என்றேன்.

"சரி விடும்மா. வார வருசம் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டப்பா மட்டும்தான் கிடந்தது.